சர்வேயர் அளந்த ஏரி

ஒரு மெஷின் வேலை செய்யவே கூடாது என்று மனசார வேண்டிக்கொண்டு ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்த மனிதர், அந்தத் தெருவிலேயே சர்வேயர் ஒருவர்தான். அதற்கு முன்னால் அவர் தொட்ட மிக்சி, இஸ்திரிப்பெட்டி, வாசல் மணி எல்லாவற்றையும் நல்லபடியாக ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் தொட்டார். ஒன்றும் ஓடவில்லை. மேஜை டிராயரில் மிச்சம் விழுந்த ஸ்க்ரூவே ஒரு டப்பா நிறைய இருந்தது. கெட்டுத் தொலையட்டும் என்று தொட்டது இந்த ஒரே ஒரு பழைய வீடியோ கேமராவைத்தான். அது, பாழாய்ப்போனது, நேற்றுத்தான் கடையில் வாங்கின மாதிரி கண்ணை விழித்துக்கொண்டது.

அது ஏன் கெட வேண்டும்? அதைச் சொல்ல ஓர் ஏரிக்குப் போக வேண்டும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சர்வேயர் குடும்பத்தோடு ஏரிக்கு உல்லாசமாகப் போனார். வாடகைப் படகில் புருஷனும் பெண்டாட்டியும் ஏறினார்கள். படகு சாய்ந்தது. இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். இதுவரைக்கும் உண்மை. இதற்கு மேல் சர்வேயர் சொன்னது. மனைவி மூழ்கப் போனாளாம், இவர் பாய்ந்து தூக்கிக் கரை சேர்த்தாராம்.

ஆபீசில் ஒரு மனையை அரை அடி கூட்டியோ குறைத்தோ எழுதிவிட்டால் சோறு இறங்காத மனிதர் அவர். ஆனால் அந்த ஏரி மட்டும் அவர் வாயில் வருஷத்துக்கு ஓர் அடி ஆழமாகிக்கொண்டே போனது. முதல் வருஷம் இடுப்பளவு. மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் கழுத்தளவு. அவள் காலேஜ் முடித்தபோது இரண்டு ஆள் ஆழம், அடியில் சுழல். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முதலை வந்திருக்கும்.

மறுத்துப் பேசவும் ஆள் இல்லை. மகளுக்கு அப்போது நாலு வயசு, கரையில் தூங்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கரையில் நின்று வீடியோ எடுத்த மச்சினன், கேமராவை அக்கா வீட்டில் போட்டுவிட்டு வெளிநாடு போய் அங்கேயே இருந்துவிட்டான். போன கையோடு அந்தக் கேமராவின் அடாப்டரும் காணாமல் போயிற்று. கரண்டு இல்லாத கேமரா, செங்கல்லுக்குச் சமம். சர்வேயர் நிம்மதியாக இருந்தார்.

மனைவியும் வாயைத் திறக்க மாட்டாள். அவர் ஏரிக் கதையை ஆரம்பித்தால், "டீ வைக்கிறேன்" என்று எழுந்து உள்ளே போய்விடுவாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அந்த அம்மாள் வேலை பார்ப்பது ஒரு வீட்டுச் சாமான் கம்பெனியின் புகார்ப் பிரிவில். காலை முதல் மாலை வரைக்கும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா நின்னுபோச்சு" என்று சொல்கிற ஆயிரம் பேருக்குப் பதில் சொல்கிறவள். துணி துவைக்கிற மெஷினுக்குள் செருப்பைப் போட்டுவிட்டு சத்தியம் பண்ணுகிறவர்களிடம்கூட ஒருநாளும் "பொய் சொல்றீங்க" என்று சொன்னதில்லை. அவர்கள் வேலையில் அது முதல் பாடம். சொல்லுகிறதை நம்புகிற மாதிரி வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே போனால், செருப்பு தானாக வெளியே வந்துவிடும்.

வினை மகளின் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. சம்பந்தி ஒரு நீச்சல் பயிற்சியாளர். குளத்தில் நூறு பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கிறவர். அந்த ஆள் முன்னால் வந்து உட்கார்ந்ததும் சர்வேயருக்கு நாக்கு அரித்தது. ஏரியை எடுத்துவிட்டார். இந்தத் தடவை மனைவிக்கு இரண்டு நிமிஷம் மூச்சே இல்லை என்று ஒரு புது வரியும் சேர்த்தார். மூச்சு நின்றுபோன அம்மாள் டீத் தட்டோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

சம்பந்தி நல்ல மனிதர். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அடுத்த வாரம் குளத்தில் பிள்ளைகளுக்கு ஆண்டு விழா, நீங்கள் வந்து உயிர் காப்பதைப் பற்றி நாலு வார்த்தை பேசி, தண்ணீரில் இறங்கிச் செய்தும் காட்ட வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரில் இறங்குவது என்றதும் சர்வேயர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டிவைத்தார். அப்போதுதான் சம்பந்தி கேட்டார், அன்றைக்கு எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று.

"மச்சினன் எடுத்தான், சம்பந்தி. என்ன பிரயோஜனம்? அடாப்டர் தொலைஞ்சு போச்சு."

"இல்லையே, கிடைச்சிருச்சே" என்றாள் மனைவி. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கதைக்கு நடுவில் அவள் பேசின முதல் பேச்சு அதுதான்.

எங்கே கிடைத்தது என்று சம்பந்தி விசாரித்தார். அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பரண்ல" என்றாள். பரணில் எங்கே என்று சொல்லவில்லை. சர்வேயரின் பழைய அளவுச் சங்கிலிப் பெட்டிக்குள், ஒற்றைக் கால் சாக்சில் சுருட்டி, அடியில் செருகியிருந்தது. வைத்தவருக்குத் தெரியும், எடுத்தவளுக்கும் தெரியும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி சர்வேயர் வாயை மூடிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து படம் பார்ப்பது என்று முடிவாயிற்று.

கேசட்டைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று மனைவி சொன்னதற்குச் சர்வேயர் ஒப்பவில்லை. கடைக்காரன் டேப்பைக் கடித்துத் துப்பிவிடுவான், நானே நம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறேன் என்று மார் தட்டினார். மனசுக்குள் கணக்கு வேறு. தன் கைராசி அவருக்குத் தெரியாதா? தொட்டால் போதும், கெட்டுவிடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக மேஜை முன்னால் உட்கார்ந்தார். கேபிளைப் பாதி செருகினார். பத்து நிமிஷம் பெருமூச்சு விட்டார். பிறகு சமையலறைக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"சரிப்படாதும்மா. கேமரா இருக்கறதே கம்ப்யூட்டருக்குத் தெரியல."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டுக் குரல் போய் ஆபீஸ் குரல் வந்தது.

"உங்க சிரமத்துக்கு வருந்துறோம். கேபிள் ரெண்டு பக்கமும் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்."

"நல்லதுங்க. ஒருதடவை கழட்டி, ஊதிட்டு, மறுபடி போடுங்க. டக்குனு சத்தம் வரணும்."

டக்கென்று சத்தம் வந்தது. சர்வேயர் தளரவில்லை. "பேட்டரி செத்துப் போச்சு. பதினெட்டு வருஷமாச்சே."

"அடாப்டரைப் போடுங்க. அதுதான் கிடைச்சிருச்சே."

போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. அப்புறமும் திரையில் ஒன்றும் வரவில்லை. உண்மையிலேயே வரவில்லை. சர்வேயர் முகத்தில் ஒரு களை வந்தது. அவள் கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு சுவிட்ச், மூன்று இடம் அதற்கு. ஒரு கோடியில் படம் எடுக்க, மறு கோடியில் எடுத்ததை ஓட்டிப் பார்க்க, நடுவில் ஒன்றும் இல்லாமல் சும்மா. அவர் அதை நடுவில் வைத்திருந்தார். ஓட்டிப் பார்க்கிற பக்கம் தள்ளச் சொன்னாள். தள்ளினதும் கம்ப்யூட்டர் டிங் என்றது. அவருக்கு அது சாவு மணியாகக் கேட்டது.

இன்னும் இரண்டு முயற்சி செய்தார் மனிதர். சும்மா இருந்தால் ஐந்து நிமிஷத்தில் தானாக அணைந்துவிடுகிறது என்றார். சும்மா விடாமல் ஓட விடுங்கள், புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்றாள். இந்த வீட்டில் வாங்கின ஒவ்வொரு சாமானின் கையேட்டையும் ஒரு தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருக்கிறவள் அவள். படம் விட்டு விட்டு வருகிறது என்றார். அதற்கும் மருந்து இருந்தது.

"நம்ம கம்ப்யூட்டர் பழசுங்க. ஏத்தறதையும் காட்டறதையும் ஒரே நேரத்துல செய்யச் சொன்னா மூச்சு வாங்கும். ஏத்தும்போது திரையில காட்ட வேண்டாம்னு ஒரு டிக் இருக்கு பாருங்க, அதைப் போட்டுடுங்க. ஸ்பீக்கரையும் அணைச்சிடுங்க. ஒரு மணி நேர டேப், ஒரு மணி நேரம் ஓடும். நீங்க பாட்டுக்கு வேற வேலையைப் பாக்கலாம்."

சோதித்துப் பார்க்க அரை நிமிஷம் ஓட்டினார்கள். முதலில் மச்சினனின் கட்டைவிரல் தெரிந்தது, பிறகு ஒரு வாத்து, பிறகு நாலு வயசு மகள். தெளிவாகத் தெரிந்தது. "வேற ஏதாவது உதவி வேணுங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

இனிமேல் கெடுக்க முடியாது, அழிக்கத்தான் வேண்டும் என்று சர்வேயர் தீர்மானித்தார். மறுநாள் மனைவி வேலைக்குப் போனதும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டார். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்கிறவர் அவர். சர்வேயரின் ஏரிக் கதையை இருபது தடவை கேட்டு, இருபது தடவையும் ஐயோ பாவம் என்று சொன்னவர்.

கேமராவின் குட்டித் திரையில் இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். இருபத்திரண்டாவது நிமிஷத்தில் ஏரி வந்தது. அதில் என்ன இருந்தது என்பதை நான் இப்போது சொல்லப் போவதில்லை. கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அதை மட்டும் சொல்கிறேன்.

சர்வேயர் போட்ட திட்டம் எளிமையானது. லென்ஸை மூடியால் மூட வேண்டும், சுவிட்சைப் படம் எடுக்கிற பக்கம் தள்ள வேண்டும், ஏரி வருகிற இடத்தின் மேலேயே புதிதாகப் பதிய வேண்டும். ஏரி போய் இருட்டு வந்துவிடும். கேட்டால், டேப் பழசு, ஈரம் பட்டு அந்த இடம் மட்டும் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கேசட் பூட்டியிருக்கிறது என்று ஓர் அடையாளம் கண் சிமிட்டியது. தலையணை உறையிலிருந்து கையேட்டை எடுத்துப் படித்தார். கேசட்டின் முதுகில் ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருந்தது. அதை நகத்தால் நகர்த்தி, மறுபடி அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

அதற்கு முன்னால், டேப்பை ஏரியின் ஆரம்பத்துக்குத் திருப்பி ஓட்டும்போது ஒரு கணம் தயங்கினார், அதையும் சொல்லிவிட வேண்டும். குட்டித் திரையில் மனைவி நின்றுகொண்டிருந்தாள், பதினெட்டு வருஷம் சின்னவளாக, ஈரக் கூந்தலோடு. அப்படியொரு சிரிப்பு. அவருக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் சம்பந்தி முகமும் நினைவுக்கு வந்ததே, என்ன செய்வது?

ஏரியின் நீளம் ஒன்பது நிமிஷம். கைக்கடிகாரத்தை மேஜையில் வைத்து அளந்தார். ஒன்பது நிமிஷம் இரண்டு ஆம்பிளைகள் பேசாமல் உட்கார்ந்திருக்க முடியுமா? பேசினார்கள், சிரித்தார்கள், தொடையைத் தட்டிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று இப்போது எதற்கு, பின்னால் தானாக வரும். முடிந்ததும் டேப்பை முதலிலிருந்து ஓடவிட்டு, மனைவி சொன்ன மாதிரியே திரையில் காட்டாமல், ஸ்பீக்கரை அணைத்து, கம்ப்யூட்டரில் ஏற்ற வைத்துவிட்டு இரண்டு பேரும் முனைக்கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது படம் ஏறி முடிந்திருந்தது. இருபத்திரண்டாவது நிமிஷத்துக்குத் தள்ளிப் பார்த்தார். இருட்டு. தாரை ஊற்றின மாதிரி சுத்தமான இருட்டு. ஆயுளில் முதல்முறையாகத் தான் தொட்ட வேலை நினைத்தபடி முடிந்ததில் சர்வேயருக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் மனைவி வந்து கேட்டாள். முழுசும் ஏறியதா? ஏறியது. நடுவில் தடங்கல் இருந்ததா? ஏரி வருகிற இடம் மட்டும் ஈரம் பட்டுக் கறுத்துப் போயிருக்கிறது. நீங்கள் ஏதாவது பண்ணினீர்களா?

"நான் ஒண்ணுமே பண்ணலம்மா. அதுவா அப்படி இருந்துச்சு."

"சரிங்க" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நாற்காலிகளைப் போட்டார்கள். சம்பந்தி முன்னால் உட்கார்ந்தார், மகளும் மாப்பிள்ளையும் பின்னால். கண்ணாடிக்கடைக்காரரும் வேடிக்கை பார்க்க வந்து வாசலோரம் உட்கார்ந்திருந்தார். படம் ஓடியது. கட்டைவிரல், வாத்து, குட்டி மகள். எல்லோரும் ரசித்தார்கள். இருபது நிமிஷம் ஆனதும் சர்வேயர் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு வருத்தம் சம்பந்தி. ஏரி வர்ற இடம் மட்டும் ஈரம் பட்டுப் போச்சு. பரவாயில்ல, அங்க என்ன நடந்துச்சுன்னு நானே என் வாயால சொல்லிடறேன்."

சொன்னபடியே நடந்தது. திரை இருண்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஸ்பீக்கரிலிருந்து அவருடைய வாயே பேச ஆரம்பித்துவிட்டது. லென்ஸை மூடினால் கேமராவுக்குக் கண்தான் தெரியாது, காது கேட்கும் என்பது சர்வேயருக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

முதலில் கண்ணாடிக்கடைக்காரர் குரல் கேட்டது. "நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க சார். தண்ணி எவ்வளவுதான் இருந்துச்சு?"

"முழங்கால்கூட முழுசா இல்ல சார். எந்திரிச்சு நின்னிருந்தா முடிஞ்சிருக்கும். எந்திரிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

"அப்ப காப்பாத்தினது?"

"அவதான். சட்டைக் காலரைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டு வந்து கரையில போட்டா. செருப்பு போச்சேன்னு நான் அழுதேன். திரும்பி உள்ள போய் அதையும் எடுத்துட்டு வந்தா, மகராசி."

சர்வேயர் கம்ப்யூட்டர் மேல் பாய்ந்தார். நிறுத்துகிற பொத்தான் எது என்று தேடி ஏதோ ஒன்றை அழுத்தினார். அவர் கைராசி சும்மா இருக்குமா? படம் பின்னால் போய், "முழங்கால்கூட முழுசா இல்ல சார்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை மரியாதைக்காகக் கூரையைப் பார்த்தார். சம்பந்தி மட்டும் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளத்துல பிள்ளைங்களுக்கு என்ன சார் செஞ்சு காட்டுவீங்க?" என்றது கண்ணாடிக்கடைக்காரர் குரல்.

"குளத்துக்கு யாரு போறா? அன்னிக்குக் காலைல எனக்கு இடுப்பு பிடிச்சுக்கும்."

"கடையைத் திறக்கணும், வரேன்" என்று கண்ணாடிக்கடைக்காரர் செருப்பைத் தேடினார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை திறந்ததே இல்லை.

ஒன்பது நிமிஷம் சிரிப்பும் பேச்சுமாக ஓடி முடிந்தது. அத்தோடாவது தொலைந்ததா? இருட்டு விலகித் திரை பளிச்சென்றது. ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்தவர், அன்றைக்கு ஏழு வினாடி குறைத்து அளந்துவிட்டார். அந்த ஏழு வினாடியில் ஏரி வந்தது. ஏரிக்கு நடுவில் அவள் நின்றிருந்தாள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. ஒரு கையில் புருஷனின் இடது கால் செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் கரையில், துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர் நடுங்கிக்கொண்டிருந்தார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தண்ணீரில் இருக்கிற தவளைக்கே அந்த கதி என்றால், தண்ணீரைக் கண்டு பயப்படுகிற தவளையைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

சம்பந்தி மெதுவாக எழுந்தார். நேராகச் சர்வேயரின் மனைவியிடம் போய்க் கும்பிட்டார். ஆண்டு விழாவுக்கு நீங்கள் வந்து பிள்ளைகளிடம் பேச வேண்டும், பதறாமல் எழுந்து நின்றாலே பாதி உயிர் பிழைக்கும் என்பதைத்தான் வருஷம் முழுக்கச் சொல்லித் தருகிறேன் என்றார். அவள் வருகிறேன் என்றாள், ஒரு தடவைகூட மறுக்காமல். பிறகு சம்பந்தி சர்வேயரிடம் வந்து தோளில் கை போட்டார்.

"நீங்களும் வாங்க சம்பந்தி. காலைல ஆறு மணிக்குச் சின்னப் பிள்ளைங்க வகுப்பு. பயப்படாதீங்க, முழங்கால் ஆழம்தான்."

எல்லோரும் போன பிறகு சர்வேயர் சமையலறை வாசலில் போய் நின்றார். கோபித்துக்கொள்ளலாமா, மன்னிப்புக் கேட்கலாமா என்று அவருக்கே நிச்சயமில்லை. கடைசியில் பழியைக் கேமரா மேல் போட்டார். மூடி போட்டால் மூட வேண்டியதுதானே, அதற்கு எதற்குத் தனியாக ஒரு மைக் என்று கேட்டார். அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே உம் கொட்டினாள். அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"ஏம்மா, நான்தான் ஸ்பீக்கரை அணைச்சுட்டுப் பாத்துட்டேன். தினம் ஹெட்போன் மாட்டறவ நீ, நேத்து ஒரு தடவை போட்டுக் கேட்டிருந்தா இந்த மானக்கேடு வந்திருக்குமா?"

அவள் கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"நேத்தே கேட்டேங்க. உங்க குரல் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு. நான்தான் கூட்டி வச்சேன்."